மிஸ்ஸியம்மாவும் எங்கள் கணக்கு சாரும்

நம் ஏற்காட்டுப் பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்ட செயலாளர், "ஏரியில் படகு விட்டதை மட்டும் எழுதிடாதே" என்றும் சேர்த்துச் சொன்னார். போன மலர்களில் எல்லாரும் அதையே எழுதிவிட்டார்களாம். சரி, நான் சினிமாவைப் பற்றி எழுதுகிறேன்.

எழுபதுகளில் ஏற்காட்டு ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு அந்தச் சனிக்கிழமைப் படங்கள் மறந்திருக்காது. படப்பெட்டி சேலத்திலிருந்து பஸ்ஸில், இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வர வேண்டும். பெட்டி வந்துவிட்டதா என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் வந்தவர்களை எல்லாம் விசாரிப்போம். 16 எம்.எம். புரொஜெக்டர் ஒன்றே ஒன்று. ஒரு ரீல் முடிந்தால் லைட்டைப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்துவிட்டால் படத்தை விட, படத்துக்குப் போகும் வெளிச்சக் கற்றைதான் நன்றாகத் தெரியும். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் திரைத்துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அங்கே எழுத்தெல்லாம் இடம் வலமாகத் தெரியும். டைட்டிலை அப்படியே தலைகீழ்ப் பாடமாகப் படிக்கப் பழகிய ஆட்கள் எங்கள் வகுப்பில் உண்டு.

சேலத்துப் பையன்களுக்கு சினிமா என்றால் ஒரு தெனாவெட்டு. மலை ஏறும் வழியிலேயே மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கி, நூறு படங்களுக்கு மேல் எடுத்த ஸ்டுடியோ. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' எடுத்ததும் அவர்கள்தான். அதனால் எந்தப் படம் போட்டாலும் "இது எங்க ஊர்ல எடுத்தது" என்று ஒருவன் ஆரம்பிப்பான். 'மிஸ்ஸியம்மா' போட்ட அன்றும் ஆரம்பித்தான். விஜயா புரொடக்‌ஷன்ஸ் என்று பெயர் வந்த பிறகுதான் வாயை மூடினான்.

1955இல் வந்த படம். எல்.வி.பிரசாத் இயக்கம். தமிழிலும் தெலுங்கிலும் சேர்ந்தே எடுத்தார்கள். தமிழில் ஜெமினி கணேசன், தங்கவேலு, தெலுங்கில் என்.டி.ராமராவ், நாகேஸ்வரராவ். சாவித்திரி, ஜமுனா, ரங்காராவ் மூவரும் இரண்டிலும் உண்டு. மாதா பாட்டு இருக்கிற படம் என்று யாரோ சொல்லித்தான் ஃபாதர் அனுமதி கொடுத்தார். கதையை யாரும் சொல்லவில்லை.

கதை இதுதான். ஒரு ஜமீன்தார் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் பட்டதாரித் தம்பதி வேண்டும் என்று விளம்பரம் வருகிறது. வேலையில்லாத இந்து இளைஞனும், கடன் தொல்லையில் மாட்டிய கிறிஸ்தவப் பெண் மேரியும், சம்பளத்துக்காகக் கணவன் மனைவி என்று பொய் சொல்லிப் போய்ச் சேருகிறார்கள். முதல் ரீல் முடிந்து லைட் வந்ததும் ஹால் முழுக்க ஃபாதர் முகத்தைத்தான் திரும்பிப் பார்த்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ம், அடுத்த ரீலைப் போடுங்க" என்றார். கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறார் மனிதர்!

நாங்கள் தங்கவேலு துப்பறியும் இடங்களுக்கு உருண்டு உருண்டு சிரித்தோம். ஆசிரியர்கள் சிரித்த இடம் வேறு. விளம்பரம் வரும் காட்சியில் கடைசி வரிசையிலிருந்து கிளம்பிய சத்தத்துக்கு எங்களுக்குக் காரணம் புரியவில்லை. "கொடுக்கறது அரைச் சம்பளம், கேக்கறது ரெண்டு வாத்தியாரு" என்று மூத்த தமிழாசிரியர் முணுமுணுத்தது மட்டும் காதில் விழுந்தது. பட்டம் வாங்கிய பின் சேலம் வேலைவாய்ப்பு அலுவலகத்து வரிசையில் நின்றபோது அதற்கு நானும் தனியாகச் சிரித்தேன்.

படம் முடிந்ததோடு விஷயம் முடியவில்லை. அந்த ஜூனில்தான் புதிதாக ஒரு கணக்கு சார் சேர்ந்திருந்தார். அவர் மனைவிக்கும் நம் பள்ளியிலேயே சின்ன வகுப்பில் வேலை. இருவரும் ஒன்றாக நடந்தால் நடுவில் ஒரு மாட்டு வண்டி போகும். பேசிக்கொள்ளவே மாட்டார்கள். என் பக்கத்துக் கட்டில்காரனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "டேய், இவங்களும் விளம்பரம் பார்த்து வந்தவங்கதான்டா."

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சந்தைக்குக் கிளம்பியதும் நாங்கள் இருவரும் காப்பிச் செடிகளுக்குள் புகுந்து, சில்வர் ஓக் மரத்துக்கு மரம் ஒளிந்து பின்தொடர்ந்தோம். வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. எனக்கே நம்பிக்கை வர ஆரம்பித்தது. காய்கறிக் கடை வாசலில் டீச்சர் நின்றார்கள். "போன வாரம் வாங்கின கிழங்குல பாதி அழுகல்னு சொன்னேன்ல? மறுபடியும் இதே கடைக்குத்தான் வருவீங்க. நான் சொன்னா என்னைக்குக் கேட்டிருக்கீங்க?" சார் வாயைத் திறக்காமல் பையை விரித்துப் பிடித்தார்.

கூட வந்தவன் என் தோளைத் தட்டினான். "கேஸ் முடிஞ்சுதுடா. ஒரிஜினல் புருஷன் பொண்டாட்டிதான்."

திங்கட்கிழமை சார் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினார். கணவனும் மனைவியும் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் சந்தைக்கு நடக்கிறார்கள். பத்து நிமிடம் கழித்துக் கிளம்பும் இரண்டு துப்பறியும் சிங்கங்களின் வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர். சிங்கங்கள் எப்போது அவர்களைப் பிடிக்கும்? எழுதிவிட்டு எங்கள் இருவரையும் பலகைக்குக் கூப்பிட்டார். விடை அரை மணி நேரம். சரியாகப் போட்டோம் என்று இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

இதே கதையை 1957இல் ஏவி.எம். இந்தியில் 'மிஸ் மேரி' என்று எடுத்தது. இயக்கம் அதே பிரசாத். ஜெமினியும் ஜமுனாவும் அங்கேயும் உண்டு. சாவித்திரி இடத்தில் மீனா குமாரி, தங்கவேலு இடத்தில் கிஷோர் குமார். ஹேமந்த் குமார் புது மெட்டுகள் போட்டார். 'பிருந்தாவனமும் நந்தகுமாரனும்' மெட்டை மட்டும் விட்டுவைத்தார்கள். சிங்கப்பூர் வந்த பிறகு வீடியோ கேசட்டில் பார்த்தேன். மோசமில்லை. ஆனால் இந்தப் படத்துக்கு எஞ்சினே மேரியின் கோபம். சாவித்திரி கோபப்பட்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது, மீனா குமாரி கோபப்பட்டால் அடுத்து அழுதுவிடுவாரோ என்று பயம் வருகிறது. 'வாராயோ வெண்ணிலாவே' பாட்டில் ஒருவர் மேல் ஒருவர் நிலாவிடம் புகார் சொல்லும்போது சாவித்திரி முகத்தைப் பாருங்கள், ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லியின் நிலவொளியைப் பாருங்கள். தெலுங்கில் முதலில் பானுமதியை வைத்துத்தான் எடுக்கத் தொடங்கினார்களாம். தயாரிப்பாளரோடு ஒத்துவராமல் அவர் விலக, சாவித்திரிக்கு அடித்தது யோகம்.

அசலைத் தேடிப் போனால் அது வங்காளத்தில் போய் நிற்கும். ரவீந்திரநாத் மைத்ராவின் 'மன்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்' நாடகம் 1935லேயே அங்கே படமாகிவிட்டது. ஆக நாங்கள் மலையில் பார்த்ததும் ரீமேக்தான்.

இதைச் சொன்னால் பழைய பக்கத்துக் கட்டில்காரன் துள்ளுவான். அவனும் இப்போது சிங்கப்பூர்தான். "ரெண்டுமே ரீமேக்னா கிஷோர் குமார்தான்டா பெஸ்ட்" என்று சங்கக் கூட்டத்தில் பிரியாணித் தட்டோடு சண்டைக்கு வருகிறான். தங்கவேலு படிப்பு வாசனையே இல்லாத குரலில் பெரிய துப்பறிவாளன் மாதிரி ஒரு கேள்வி கேட்பாரே, அதற்கு ஈடாக இந்திப் படத்தில் ஒரு இடம் காட்டு என்றால் பாட்டுப் பாடிக் காட்டுகிறான். கிஷோர் நல்ல பாடகர், யார் இல்லை என்றது? அடுத்த கூட்டத்துக்கு இரண்டு படத்தையும் பென் டிரைவில் கொண்டுவருகிறேன். புரொஜெக்டருக்கு மட்டும் செயலாளர் ஏற்பாடு செய்யட்டும்.