மணலும் கொங்கிறீற் முற்றமும்

கொழும்பில் படித்த எங்களில் பலருக்குப் பாய்தல் பயிற்சிக்குக் கிடைத்தவை இரண்டு தரைகள்தான்: பாடசாலையின் கொங்கிறீற் முற்றமும், வெள்ளவத்தையில் ரயில் பாதையைக் கடந்தால் வரும் கடற்கரையும். மணலில் பாய்ந்தால் கால் உரமேறும் என்று மாஸ்டர்மார் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பாய்ச்சலுக்கு உரம் மட்டும் போதாது.

உலர்ந்த மணலில் கால் புதையும். உந்தும் விசையில் ஒரு பங்கு மணலை நகர்த்துவதிலேயே போய்விடும். அதனால் தொடையும் பிட்டமும் கூடுதலாக உழைக்கும். இறங்கும் அதிர்வு குறைவதால் மறுநாள் தசைநோவும் குறையும். பருவத் தொடக்கத்துக்கு இதைவிட நல்ல தரை இல்லை. ஆனால் நீளம் பாய்பவரின் கால், உந்தி எழும்பும் மிதிபலகையில் நிற்பது ஏறத்தாழ 0.12 செக்கன்தான். அதற்குள் குதிக்கால் தசைநாண் இறப்பர்போல இழுபட்டு மீள வேண்டும். கால் புதையும் தரையில் அந்தத் துள்ளல் பழகாது. போட்டி நெருங்கும்வரை கடற்கரையிலேயே நிற்கும் பிள்ளை, பலமிருந்தும் பலகையில் மந்தமாக எழும்புவது இதனால்தான்.

துள்ளல் வேண்டுமென்று கொங்கிறீற்றில் குதிக்கவிடுவதும் பிழை. முதலில் முன்னங்கால் எலும்பு நோகும், பிறகு முழங்காற் சில்லுக்குக் கீழே. இடைப்பட்ட தரை புல். போட்டிக்கு மூன்று நான்கு கிழமை இருக்கும்போதே மணலைக் குறைத்துப் புல்லுக்கும், பிறகு சுகததாச அரங்கு போன்ற செயற்கை ஓடுபாதைக்கும் மாற வேண்டும். புதியவருக்கு ஒரு நாளில் 80 முதல் 100 மிதிகள், அதாவது துள்ளும்போது கால் தரையைத் தொடும் தடவைகள், போதும். அடுத்த பயிற்சிக்கு இரண்டு நாள் இடைவெளி. பெட்டியிலிருந்து குதிப்பதென்றால் 30 சென்ரிமீற்றர் உயரத்தில் தொடங்கலாம்.

அலை நனைத்து இறுகிய மணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே பக்கமாகத் துள்ளிப் போனால் ஒரு கால் எப்போதும் தாழ்வாக மிதிக்கும், கணுக்கால் நோகும். போன தூரம் அதே வழியால் திரும்பி வர வேண்டும். வெறுங்காலோடு இறங்குமுன் போத்தல் ஓடு கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பாய்ந்து விழும் பாடசாலை மணற்குழியை யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. மழை பெய்து காய்ந்தால் மணல் இறுகிவிடும். அதில் விழுவது தரையில் விழுவதுதான். பயிற்சிக்குமுன் 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கொத்தி, தண்ணீர் தெளித்து, மிதிபலகை மட்டத்துக்கு வாரிவிட வேண்டும். மட்டம் தாழ்ந்தால் தூரம் பொய்யாகக் கூடும். பழைய மாணவர் சங்கம் உதவ நினைத்தால் கழுவிய ஆற்றுமணல் ஒரு லோட், இரண்டு மண்வெட்டி, மூடுவதற்கு ஒரு தார்ப்பாய் அனுப்பட்டும்.