பிஸ்டனை நேராக நடத்துவது

உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்தும் குளிர்ந்து சுருங்கியும் ஓட்டும் என் முதல் ஸ்டெர்லிங் இயந்திரத்தின் கண்ணாடிச் சிலிண்டரைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, அதன் உட்சுவரில் எதிரெதிராக இரண்டு கரிக்கோடுகள் தெரிந்தன. கிராஃபைட் பிஸ்டன் உரசிச் சென்ற தடங்கள் அவை. சுற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் கடைசல் அளவில் பிழை என்று எண்ணியிருப்பேன். ஆனால் இரண்டு கோடுகளும் கிராங்க் என்னும் வளைதண்டு சுழலும் தளத்திலேயே, இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இருந்தன.

அதற்கு முந்தைய மூன்று வாரங்களும் குற்றத்தை வெப்பத்தில்தான் தேடிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டுச் சமையலறையில் காற்றின் வெப்பம் 30 பாகை செல்சியஸ். இயந்திரத்தை ஏற்றி வைக்கும் தேநீர்க் குவளை 80 பாகை. இந்த இரண்டுக்கும் இடையே கார்னோ விதி அனுமதிக்கும் உச்சத் திறன் 14 விழுக்காடு. 20 பாகை அறை ஒன்றில் இதே குவளைக்கு 17 விழுக்காடு கிடைக்கும் என்பதால், நம் ஊர்ப் புழுக்கத்தின் மீது பழியைப் போட்டு, காற்றைச் சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் இடையே தள்ளும் டிஸ்பிளேசரை இரண்டு முறை மாற்றிச் செய்தேன். இயந்திரமோ நான்கு நிமிடம் ஓடி நின்றுவிடும்.

ஜூரோங்கில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் முப்பது ஆண்டுகளாக லேத்தில் நிற்கும் அண்ணன் ஒருவரிடம் சிலிண்டரைக் காட்டினேன். அவர் கோடுகளை ஒருமுறை பார்த்துவிட்டு, “தம்பி, ராடு குட்டையா இருக்கு. பிஸ்டன் சாய்ஞ்சு சாய்ஞ்சு போகுது,” என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிராங்கின் ஆரம் 6 மில்லிமீட்டர், பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடின் நீளம் 18 மில்லிமீட்டர் என்றால், ராடு அதிகபட்சம் 19.5 பாகை சாய்கிறது. அந்தக் கணத்தில் பிஸ்டன் மீதுள்ள விசையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சிலிண்டர்ச் சுவரை அழுத்துகிறது. பெட்ரோல் இயந்திரத்தில் எண்ணெய்ப் படலம் இதைத் தாங்கிக்கொள்ளும். ஸ்டெர்லிங் இயந்திரத்தின் பிஸ்டனுக்கு எண்ணெய் இடக் கூடாது. எண்ணெய் உள்ளே புகுந்தால், வெப்பத்தைச் சேமித்துத் திருப்பித் தரும் ரீஜெனரேட்டரை அடைத்துவிடும், என்னுடையதைப் போன்ற சிறிய இயந்திரத்திலோ அதன் பிசுபிசுப்பே ஓட்டத்தை நிறுத்திவிடும். ராடை 48 மில்லிமீட்டராக நீட்டியதும் சாய்வு 7 பாகைக்கு இறங்கியது, பக்கவாட்டு அழுத்தமும் பிஸ்டன் விசையில் எட்டில் ஒரு பங்காகக் குறைந்தது. பிறகு, 3 மில்லிமீட்டர் துளை கொண்ட பேரிங்குகளின் மூடியை ஊசியால் நெம்பி எடுத்து, உள்ளிருந்த கிரீஸை மண்ணெண்ணெயில் அலசிக் கழுவினேன். அதுவரை விரலால் சுண்டினால் இரண்டு சுற்றில் நின்ற பேரிங், இப்போது நிற்கவே மனமில்லாததுபோல் சுழன்றது. அன்றிரவு இயந்திரம் தேநீர் ஆறும்வரை ஓடியது.

டிஸ்பிளேசரின் பக்கம் இவ்வளவு கவலை வேண்டியதில்லை. அதன் இருபுறமும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் இருப்பதால், காற்றை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தள்ளும் வேலை மட்டுமே அதற்கு உண்டு. மெல்லிய கம்பியே போதும். அது பிஸ்டனுக்குச் சுமார் 90 பாகை முன்னால் செல்ல வேண்டும், அவ்வளவுதான். ஃபின்லாந்துக்காரர் ஒஸ்ஸியன் ரிங்போம் 1907இல் காப்புரிமை பெற்ற வடிவத்தில் டிஸ்பிளேசருக்கு இணைப்பே கிடையாது. காற்றழுத்தமே அதை ஏற்றி இறக்குகிறது.

பக்கவாட்டு விசையை முற்றாக ஒழித்த வடிவமைப்பு 1950களில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் மெய்யர் உருவாக்கிய ராம்பிக் டிரைவ். பற்சக்கரங்களால் கோக்கப்பட்ட இரண்டு கிராங்குகள் எதிரெதிர்த் திசைகளில் சுழல, அவற்றிலிருந்து கிளம்பும் நான்கு ராடுகள் ஒரு சாய்சதுரமாக விரிந்து சுருங்குகின்றன. இடப்பக்கத்து ராடின் சாய்வை வலப்பக்கத்து ராடின் சாய்வு ஈடு செய்துவிடுவதால், பிஸ்டன் நேர்கோட்டில் மட்டுமே நகர்கிறது. டிஸ்பிளேசரின் தண்டு பிஸ்டனின் நடுவே புகுந்து செல்கிறது. ஒற்றைச் சிலிண்டரிலேயே அதிர்வை முழுமையாகச் சமன் செய்ய முடிகிற இந்த அமைப்பை நான் படங்களில் பார்க்கும்போதெல்லாம் வியந்து நிற்கிறேன். ஆயினும் என் போன்றவர்கள் கைவைக்க வேண்டியது அதுவன்று என்பதே என் முடிவு. பற்களுக்கிடையே சிறிது தொய்வு இருந்தாலும் நான்கு ராடுகளும் ஒன்றோடொன்று இழுபறி செய்யும். அந்த நுட்பத்தைச் சமையலறை மேசையில் எட்ட முடியாது. அமைதியும் அதிர்வின்மையும் முதன்மையாக வேண்டிய இடங்களில் அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு. சுவீடனிடமிருந்து நம் கடற்படை வாங்கிய ஆர்ச்சர் வகை நீர்மூழ்கிகளில் ஸ்டெர்லிங் இயந்திரங்கள் இருப்பதற்கு, வெளிக்காற்றின்றி நீருக்கடியில் நெடுநேரம் இயங்க முடிவதோடு அவற்றின் அமைதியும் ஒரு காரணம்தானே.

கேம் என்னும் வட்டமல்லாத சக்கரத்தை வைத்து டிஸ்பிளேசரை முனைகளில் சற்று நிறுத்தினால் திறன் கூடும் என்று சிலர் என்னிடம் சொல்கிறார்கள். தாளில் அது சரி. ஆனால் கேமின் உராய்வு அந்த ஆதாயத்தை விழுங்கிவிடுவதைச் செய்து பார்த்து உணர்ந்துவிட்டேன்.

இப்போது ராஸ் யோக் அமைப்பைப் பயில்கிறேன். அமெரிக்காவின் ஆண்டி ராஸ் வடிவமைத்த இதில், ஒரே கிராங்க் முளையில் பொருந்திய முக்கோணத் தகடு ஒன்று, ஊசலாடும் ஒரு கையின் பிடியில் ஆடியபடி இரண்டு பிஸ்டன்களையும் இயக்குகிறது. பற்சக்கரம் தேவையில்லை, சாய்வும் மிகக் குறைவு. அட்டையில் தகட்டை வெட்டி, குண்டூசிகளை முளைகளாகக் குத்தி, அதன் மூலையில் பென்சில் முனையைப் பொருத்திக் கிராங்கை மெல்லச் சுற்றினேன். தாளில் விழுந்தது நெடிதுயர்ந்த, அகலமில்லாத ஒரு வளையம். ஊசலாடும் கையின் நீளத்தை மாற்றி மாற்றி ஒன்பது தாள்கள் வரைந்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் அந்த வளையத்தின் அகலத்தை அளந்து ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.