அஸ்க்யா மேப்: ஏரிக்கரையை நம்பி ஏமாந்த கதை

மூணு வாரமா இழுத்துக்கிட்டு இருந்த வேலை நேத்து ராத்திரி ஒருவழியா உட்கார்ந்துடுச்சு. ஐஸ்லாந்து நடுவுல இருக்கற அஸ்க்யா எரிமலைய 1876ல டென்மார்க் லெப்டினன்ட் கரோக் அளந்து வரைஞ்ச மேப்ப கியூஜிஐஎஸ்ங்கற மேப் சாஃப்ட்வேர்ல ஆர்க்டிக்டெம் (சாட்டிலைட் படத்துலேர்ந்து செஞ்ச தரை உயர மாடல்) மேல பொருத்தணும், அவ்ளோதான்.

உயிர் போனது கன்ட்ரோல் பாயின்ட்ல, அதாவது பழைய மேப்புலயும் இன்னிக்கு தரையிலயும் ஒரே இடம்னு ஜோடி சேக்கற புள்ளில. ஊர் இல்ல, ரோடு இல்ல, பிடிச்சுக்க ஒண்ணுமே கிடையாது. எரிமலை பள்ளத்துக்குள்ள இருக்கற ஏரியோட கரை மட்டும் பளிச்சுனு தெரியுதேன்னு அதுலயே ஆறு புள்ளி குத்தினேன். பாலினோமியல்ல (மேப் முழுசையும் ஒரே சமன்பாட்டால பொருத்தற முறை) எரர் கன்னாபின்னான்னு வந்துச்சு, சரின்னு மேப்ப ரப்பர் மாதிரி இழுத்து பொருத்தற தின் பிளேட் ஸ்ப்லைன் போட்டேன், எரர் சைபர்! ஒரு நாள் முழுக்க காலர தூக்கி விட்டுக்கிட்டு திரிஞ்சேன். ஸ்ப்லைன் தப்பான புள்ளியையும் சேர்த்து இழுத்து ஒட்டிடும், அந்த சைபருக்கு மதிப்பே இல்லன்னு தெரிஞ்சும் ஏமாந்தேன் பாருங்க. ஹில்ஷேட் (மேடு பள்ளத்த நிழலா காட்டற படம்) மேல வச்சா பள்ளத்தோட தெற்கு சுவர் பிழிஞ்ச துணி மாதிரி முறுக்கிக்கிட்டு கிடக்கு.

ரெண்டு நாள் கரோக்க தான் திட்டினேன், பாவம். 1875 மார்ச்ல வெடிச்சப்புறம் தரை உள்வாங்கி உண்டானது அந்த ஏரி, அவர் போனப்ப சின்னது, குழி இன்னும் இறங்கிக்கிட்டே இருந்த நேரம். இப்ப அது 11 சதுர கிலோமீட்டர், ஆழம் 220 மீட்டர் கிட்ட. நான் குத்தின கரையே இப்ப கிடையாது! (1907ல ஜெர்மன் ஆராய்ச்சியாளர் க்னெபலும் அவரோட வந்த ஓவியர் ருட்லாஃபும் காணாம போனது இதே ஏரில தான்.) தென்கிழக்கு சுவரும் ஆகாது, 2014 ஜூலைல பெரிய துண்டு சரிஞ்சு தண்ணில விழுந்துச்சு. 1961 லாவா மூடின தரைய கேக்கவே வேணாம்.

கடைசில கரைய மொத்தமா தூக்கிட்டு வெளிச்சுவர் உச்சிங்க, அப்புறம் ஏரி பக்கத்துல இருக்கற வீட்டிங்கற சின்ன எரிமலை பள்ளத்தோட நடு, இவ்வளவுதான் வச்சேன். ஸ்ப்லைனுக்கு கும்பிடு, சும்மா ஹெல்மெர்ட் (மேப்ப வளைக்காம நகர்த்தி, திருப்பி, அளவு மட்டும் மாத்தற முறை). எரர் கொஞ்சம் நிக்குது, நிக்கட்டும், சுவர் நேரா இருக்குல்ல.

மேப்போட ஸ்கேன் வித்தவங்க கிட்ட டிஃப் (தரம் குறையாத பட ஃபைல்) கேட்டா ஜேபெக்க டிஃப்னு பேர் மாத்தி அனுப்பினாங்க, காகித மடிப்பு வேற சரியா பள்ளத்துக்கு குறுக்கால.

வேலை முடியல, பழைய கரைய இன்னும் டிரேஸ் பண்ணணும். அதுக்குள்ள மனசு டென்மார்க்காரங்க வரைஞ்ச 1:1,00,000 மேப் ஷீட்டுக்கு தாவிடுச்சு, அதுல 20 மீட்டருக்கு ஒரு கான்டூர் (ஒரே உயரத்த இணைக்கற கோடு) இருக்கு, ஹெர்துப்ரெய்த் மலையும் இருக்கு. 1682 மீட்டர், தட்டையான தலை, அத விட நல்ல கன்ட்ரோல் பாயின்ட் வேற என்ன வேணும்.