அப்பா சரி, தீதி யாரு?

போன மாதம் மாமியாருக்கு முட்டி வலி அதிகமாகி நாலு நாள் நடக்கவே முடியவில்லை. நானும் லீவு போட்டுவிட்டு அவர் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தேன். சும்மா எத்தனை நேரம் உட்காருவது, நெட்ஃபிளிக்ஸில் பிரிட்ஜெர்டன் இரண்டாவது சீசனைப் போட்டோம், அந்தக் காலத்து லண்டன் பிரபுக்கள் வீட்டுக் காதல் கதை. அது வந்தது 2022-ல். ஊரே பார்த்து மறந்த பிறகு பார்ப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

கதாநாயகி கேட் சர்மா, இறந்துபோன தகப்பனாரைப் பற்றிப் பேசும்போது "அப்பா" என்கிறாள். மாமியார் முட்டி வலியை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்டியாமா, அப்பாங்குறா!" அந்த வேடத்தில் வரும் சிமோன் ஆஷ்லியும், தங்கையாக வரும் சரித்ரா சந்திரனும் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள்தான் என்று நான் சொன்னதும் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. கொஞ்ச நேரத்தில் தங்கைக்காரி அக்காவை "தீதி" என்று கூப்பிட்டாள். மாமியார் திரையில் கதவுப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். "தீதி யாரு? இன்னும் வரலியே?"

அக்காதான் தீதி என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அக்கா தங்கையை "போன்" என்றாள், அது வங்காளத்தில் தங்கை. பெயர் சர்மா, அப்பா தமிழ், அக்காவும் தங்கையும் வடக்கே. ஒரே வீட்டுக்குள் மெட்ராஸிலிருந்து கல்கத்தா வரை வந்துவிட்டது. தங்கச்சி தலைக்கு அக்கா எண்ணெய் தேய்த்துவிடும் காட்சி மட்டும் அவ்வளவு அழகு, அதற்காக எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் மன்னிக்கவில்லை. அவ்வளவு செலவு செய்து அரண்மனை கட்டுகிறவர்கள், ஒரு வீட்டில் அக்காவை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று ஒருவரைக் கேட்டிருக்கலாமே.

எனக்கு இந்த உறவுமுறைச் சொற்களில் கொஞ்சம் பித்து உண்டு. நான் திருநெல்வேலிக்காரி, எங்களுக்குப் பாட்டி என்றால் ஆச்சி. கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்த புதிதில் நாத்தனார் பிள்ளைகள் மாமியாரை "ஆயா" என்று கூப்பிட்டதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சென்னையில் ஆயா என்றால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் அம்மாள். பிறகுதான் புரிந்தது. வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கம் பாட்டி என்றால் ஆயாதான், இங்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாக வந்தவர்களில் நிறையப் பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள். 1860 நவம்பரில் அவர்களை ஏற்றிய முதல் கப்பல் ட்ரூரோ சென்னையிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. அதற்குப் பின்னால் வந்த எத்தனையோ வீடுகளில் மொழி போய்விட்டது, ஆயா போகவில்லை. மாமியார் வீட்டில் அவர்தான் தமிழ் பேசும் கடைசி ஆள், அவரும் பாதி இங்கிலீஷ்.

அதனால் யாராவது "இந்தப் படத்தில் நம்மவர்கள் இத்தனை பேர்" என்று எண்ணிக்கை சொன்னால் எனக்கு அது பெரிதாகப் படாது. பாட்டியை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்பேன்.

சரி, நான் மட்டும்தான் இப்படியா என்றால் இல்லை. 2018-ல் பிளாக் பேந்தர் வந்தபோது மகளுடன் போனேன். அதில் வரும் கற்பனை நாடு வகாண்டா கிழக்கு ஆப்பிரிக்காப் பக்கம் இருப்பதாகக் கதை, பேசுவதோ எங்கள் தென்னாப்பிரிக்காவின் ஷோசா மொழி. அதற்கு முன்னால் 2016-ல் வந்த கேப்டன் அமெரிக்கா: சிவில் வார் படத்தில் வகாண்டா அரசராக நடித்த ஜான் கானி தென்னாப்பிரிக்கர், ஷோசாக்காரர். மகனிடம் தாய்மொழியில் பேச வேண்டியவன் எதற்கு இங்கிலீஷ் பேசுவது என்று அவர் கேட்கப் போய்த்தான் அந்த மொழி உள்ளே வந்தது. பிளாக் பேந்தரில் அந்த அரசரின் இளவயது வேடம் அவருடைய சொந்த மகன் அடாண்ட்வா கானிக்கு. என் மகள் பள்ளியில் ஜூலு படிக்கிறாள், இரண்டும் பங்காளி மொழிகள். திரைக்கு அடியில் இங்கிலீஷ் எழுத்து வருவதற்குள் ஒன்றிரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு என் காதில் ஊதிக்கொண்டே இருந்தாள். அமெரிக்கக் கதாநாயகனைவிட அந்த வார்த்தைகள்தான் அவளுக்குச் சொந்தமாகத் தெரிந்தன, எனக்கு அது ஆச்சரியம்.

அடுத்த நாள் அலுவலகத்தில் ஷோசா பேசும் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அந்த நாக்குச் சொடுக்கு அமெரிக்கர்களுக்கு வரவில்லையாம், கானி பேசும்போதுதான் வீட்டில் இருக்கிற மாதிரி இருந்ததாம். "பரவாயில்லை, முயற்சி செய்தார்கள்" என்றாள். என்னைவிடப் பெரிய மனசு.

நெவர் ஹேவ் ஐ எவர் தொடரும் பார்த்தோம், 2020-ல் வந்தது, அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பெண்ணின் கதை. கதாநாயகி வேடத்துக்கு 15,000 பேர் விண்ணப்பித்து, கனடாவில் ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் தேர்வானார். எனக்குப் பிடித்தது. மகளுக்கு ஒட்டவில்லை. "அந்த அம்மா இந்தியாவில இருந்து வந்தவங்க, நாம அப்படி இல்லியே" என்றாள். அவளுடைய அம்மாவே இந்தியாவிலிருந்து வந்தவள்தான், ஆனால் அந்தக் கணக்கில் அவள் தன்னைச் சேர்ப்பதில்லை. அவள் அப்பா வழியில் ஐந்தாம் தலைமுறை.

கடைசியில் வீடே ஒன்றாகச் சிரித்தது கீப்பிங் அப் வித் த கந்தசாமிஸ் படத்துக்குத்தான். 2017-ல் இங்கேயே எடுத்தது, டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரு கந்தசாமி குடும்பம், ஒரு நாயுடு குடும்பம், இரண்டு அம்மாக்களுக்கும் ஆகாது. யாருக்கும் எதையும் விளக்குவதில்லை. மாமியார் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, முடிந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "நம்ம சண்டையெல்லாம் எதுக்கு பயாஸ்கோப்ல போடணும்? பாக்குறவன் என்ன நினைப்பான்?" நம்மைக் காட்டவில்லை என்பதும் குறை, அப்படியே காட்டிவிட்டால் அதுவும் குறை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே டிவியே 1976-ல்தான் வந்தது, அதுவும் ஆரம்பத்தில் இங்கிலீஷும் ஆப்பிரிகான்ஸும் மட்டும். அத்தனை வருஷம் திரையில் இல்லாத ஆளுக்கு முதல் தடவையே அழுக்குப் புடவையோடு வர மனசு வருமா?

சனிக்கிழமை கோவில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். இந்தச் சனிக்கிழமை, டர்பன் பெண் ஒருத்தி சூப்பர்ஹீரோவானால் அவள் தன் பாட்டியை என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று கேட்டேன். ஆயா என்றது பின் வரிசை. பாட்டி, இரண்டு பேர். நாயுடு வீட்டுப் பையன் அவ்வா. ஒருத்தி கிரானி. கடைசியாக ஒரு குட்டி கையைத் தூக்கி "கோகோ" என்றாள், அது ஜூலு. பக்கத்து வீட்டுப் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவாளாம், தன் பாட்டியும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாராம். அரை மணி நேரம் சண்டை நடந்தது, யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்தையும் பலகையில் எழுதி வைத்துவிட்டு வந்தேன்.