எமது கணினிக்கூடத்தில் உள்ளீடும் வருவிளைவும்

2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் யாழ்ப்பாணத்துக்கு லொறிகளில் வந்திறங்கிய பொருட்களுள் கணினிகளும் இருந்தன. எமது கல்லூரியிலும் பழைய விஞ்ஞான ஆய்வுகூடத்தின் ஒரு பகுதியைப் பலகையால் மறித்துக் கணினிக்கூடம் ஒன்றை அமைத்தார்கள். குடாநாட்டு மின்சாரம் தேசிய மின்வலையுடன் இணையாமல் உள்ளூர் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்த காலம் அது. பாடவேளையின் நடுவில் மின்சாரம் நின்றுபோவது வழமை. அப்படி நின்ற வேளைகளில் எமது கணினி ஆசிரியர் வகுப்பைக் கலைத்துவிடாமல், மேசையின் மீது ஒரு பழைய துணியை விரித்து, கையில் அகப்பட்ட சாதனத்தைக் கழற்றத் தொடங்குவார். கணினியைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்தவற்றுள் உறுதியானவை எல்லாம் மின்சாரம் இல்லாத அந்த வேளைகளில் கற்றவையே என்று சொல்வேன்.

உள்ளீட்டுச் சாதனங்கள், வருவிளைவுச் சாதனங்கள் என்று கரும்பலகையில் இரண்டு நிரல்களை வரைந்து, ஒன்றில் சாவிப்பலகை, சுட்டி, வருடி, ஒலிவாங்கி என்றும் மற்றையதில் திரை, அச்சுப்பொறி, ஒலிபெருக்கி என்றும் எழுதிக் கொப்பியில் இறக்கச் செய்வதோடு பல பாடசாலைகளில் இந்தப் பாடம் முடிந்துவிடும். எமது ஆசிரியரும் அந்த நிரல்களை எழுதினார். ஆனால் எழுதிய கையோடு, "தம்பியவை, வளவுக்குள்ள நடக்கிறது வேற, படலையால வாறதும் போறதும் வேற. இண்டைக்கு நாங்கள் படலையில நிண்டு பாக்கப் போறம்" என்றார். கணினியின் உள்ளே இருப்பவை எண்கள் மாத்திரமே. விரலின் அழுத்தமோ, கையின் அசைவோ, தாளில் உள்ள படமோ, குரலோ எதுவாயினும் எண்ணாக மாறாமல் உள்ளே போக முடியாது. உள்ளே இருக்கும் எண்ணும் ஒளியாகவோ ஒலியாகவோ மையாகவோ மாறாமல் எமக்குப் புலப்படாது. ஆகவே ஒவ்வொரு சாதனத்தைப் பார்க்கும்போதும், இது எதை எதுவாக மாற்றுகின்றது, அந்த மாற்றத்தில் எது விடுபட்டுப் போகின்றது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்கும்படி அவர் எம்மைப் பழக்கினார்.

முதலில் கழற்றப்பட்டது சுட்டி. அக்காலச் சுட்டியின் அடியில் வட்ட மூடி ஒன்று இருக்கும். அதைத் திருகித் திறந்தால் இறப்பர் பூசிய பாரமான உருண்டை ஒன்று உள்ளங்கையில் வந்து விழும். உருண்டை இருந்த குழிக்குள், ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சிறிய உருளைகள் இருந்தன. சுட்டியை மேசையில் நகர்த்தும்போது உருண்டை உருள, ஓர் உருளை இடம் வலமான அசைவையும் மற்றையது மேல் கீழான அசைவையும் தனித்தனியே வாங்கிக்கொள்ளும். ஒவ்வோர் உருளையின் நுனியிலும் விளிம்பு முழுவதும் துளைகள் வெட்டப்பட்ட சிறு சில்லு ஒன்று உண்டு. சில்லின் ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ் ஒளியை விடும் விளக்கும், மறுபக்கத்தில் அந்த ஒளியை உணரும் உணரியும் இருக்கும். சில்லு சுழலும்போது ஒளி விட்டு விட்டு விழும். எத்தனை தடவை விழுந்தது என்று எண்ணினால் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பது வந்துவிடும். முன்னோ பின்னோ எப்பக்கம் நகர்ந்தது என்பதை எப்படி அறிவது என்று ஒருவன் கேட்டான். சற்று விலகி அமைந்த இரண்டு உணரிகள் இருப்பதையும், அவற்றுள் எதன் மீது ஒளி முந்தி விழுகின்றது என்பதிலிருந்து திசை தெரிய வருவதையும் ஆசிரியர் ஊசி முனையால் தொட்டுக் காட்டினார். உருளைகளில் வளையமாகப் படிந்திருந்த கறுத்த அழுக்கை நகத்தால் சுரண்டி எடுத்து, பஞ்சில் ஸ்பிரிற் தொட்டுத் துடைத்து, உருண்டையைத் திரும்பப் போட்டு மூடுவது அன்று முதல் எம் ஒவ்வொருவரின் கடமையாயிற்று. திரையில் குறி ஏன் துள்ளுகின்றது என்று எவரும் அதன் பின்னர் கேட்கவில்லை.

அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவகத்தில் டக்ளஸ் ஏங்கல்பார்ட் கருக்கொண்டு, அவருடைய சக பொறியியலாளர் பில் இங்கிலிஷ் 1964இல் செய்துகொடுத்த முதற் சுட்டி ஒரு மரக்கட்டையே. அதில் உருண்டை இல்லை. செங்குத்தாக அமைந்த இரண்டு சில்லுகளே நேரடியாக மேசையில் உருண்டன. 1968 டிசம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் ஏங்கல்பார்ட் அதைப் பலரறிய இயக்கிக் காட்டினார். பல ஆண்டுகளின் பின் அந்தச் சுட்டியின் படத்தைப் பார்த்தபோது, அதன் அடிப்பக்கம் எனக்கு முன்னரே பழகிய ஒன்றாகத் தெரிந்தது. இன்றைய ஒளியியல் சுட்டியோ மேசையின் பரப்பைச் செக்கனுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை படம் பிடித்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு நகர்வைக் கணிக்கின்றது. வேலை மிகத் துல்லியம். ஆயினும் கழற்றிப் பார்க்கும் மாணவனுக்கு அதில் சுழல்வது ஒன்றும் இல்லை.

சாவிப்பலகையைப் பற்றிய பாடமே எல்லாவற்றிலும் ஆழமானது. அக்காலத்தில் நாம் தமிழைப் பாமினி எழுத்துருவில் தட்டினோம். ஆசிரியர் 'தமிழ்' என்ற சொல்லைத் தட்டச் சொன்னார். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து சாவிகளை வரிசையாக அழுத்தினோம். திரையில் தமிழ் தோன்றியது. பின் அதே சொல்லைத் தெரிவுசெய்து எழுத்துருவை மாத்திரம் ஆங்கிலத்துக்கு மாற்றச் சொன்னார். தமிழ் மறைந்து, பொருளற்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. கணினிக்குள் எதுவும் மாறவில்லை என்றார் அவர். இரண்டு வேளையிலும் உள்ளே இருந்தவை 106, 107, 112, 111, 59 என்ற அதே ஐந்து எண்களே. சாவிப்பலகை அனுப்புவது எந்த இடத்துச் சாவி அழுத்தப்பட்டது என்ற செய்தியை மட்டுமே. அதை எழுத்துக்கான எண்ணாக மாற்றுவது மென்பொருள். அந்த எண்ணுக்கு எந்த உருவத்தை வரைவது என்று தீர்மானிப்பது எழுத்துரு. உள்ளீடு ஒன்றாக இருந்தும் வருவிளைவு இரண்டாகலாம் என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் எனக்கு விளக்கியதில்லை.

இந்தக் குறையின் விலையை எமது சமூகம் நீண்ட காலம் செலுத்தியது. பாமினியில் எழுதி அனுப்பிய கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வாசிக்க முடியாத குப்பையாக விரிந்தது. ஒருங்குறி (யூனிகோட்) பரவிய பின்னரே த என்பதற்கு 2980, ம என்பதற்கு 2990 என்று உலகம் முழுவதற்கும் பொதுவான எண்கள் எமது கணினிகளுக்கு வந்து சேர்ந்தன. முறைமையும் மாறிற்று. பாமினியில் 'கொ' எழுதுவதென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் முதலில் கொம்பும் பின் ககரமும் அதன் பின் அரவும் தட்ட வேண்டும். ஒருங்குறியிலோ ககரம் முதலில் நிற்க, உயிர்க்குறி அதன் பின் வருகின்றது.

பாமினியின் சாவி ஒழுங்கு பெரிதும் தமிழ்த் தட்டச்சுப் பொறியைத் தழுவியது. அந்தப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூர் சென்று வாழ்ந்தவர். தமிழின் அத்தனை எழுத்துகளுக்கும் தனித்தனிச் சாவி வைக்க இயலாத நிலையில், அழுத்தினாலும் பொறியின் வண்டி நகராமல் நிற்கும் விசைகளை அமைத்து, மெய்யையும் புள்ளியையும் ஒரே இடத்தில் பதிய வைத்த அவருடைய உபாயத்தை ஆசிரியர் மிகுந்த பெருமையுடன் விளக்கினார். எமது கல்லூரியிலிருந்து சிறிது தூரத்தில் பிறந்த ஒருவர் உள்ளீட்டுச் சாதனம் ஒன்றைத் தமிழுக்குப் பழக்கியிருக்கிறார் என்ற செய்தி, பதினேழு வயதில் எனக்கு எத்தகைய உரத்தைத் தந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

வருவிளைவுப் பக்கத்தில் திரையைக் கழற்ற அவர் ஒருபோதும் அனுமதிக்கவில்லை. அக்காலத்துக் கதோட்டுக் கதிர்க் குழாய்க்குள் இருபதாயிரம் வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அது தங்கி நிற்கலாம். அதற்குப் பதிலாக, மின்சாரம் வந்த பின் பௌதிகவியல் ஆய்வுகூடத்திலிருந்து உருப்பெருக்கி வில்லை ஒன்றை எடுத்துவரச் செய்து, வெள்ளைத் திரையில் வைத்துப் பார்க்கச் சொன்னார். அங்கே வெள்ளை என்ற ஒன்று இல்லை. சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளே நெருக்கமாக ஒளிர்ந்தன. 800 நிரல்களும் 600 நிரைகளும் கொண்ட அந்தத் திரையில் மொத்தம் 4,80,000 படப்புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறங்களின் அளவைச் சொல்லும் எண்கள். செக்கனுக்குப் பல பத்துத் தடவை அவ்வளவையும் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருப்பதாலேயே படம் நிலையாக நிற்பதுபோலத் தோன்றுகின்றது.

அச்சுப்பொறி ஒன்றே இருந்தது. ஒன்பது ஊசிகளைக் கொண்ட புள்ளி அச்சுப்பொறி. இரு கரையிலும் துளையிட்ட தொடர்தாளை இழுத்துக்கொண்டு, வகுப்பு முழுவதையும் நிறைக்கும் இரைச்சலுடன் அச்சிடும். ஊசிகள் மைநாடாவின் மீது குத்த, நாடா தாளில் பதியும். ஆங்கிலத்தை ஒரே ஓட்டத்தில் விறுவிறுவென்று முடித்துவிடும் அந்தப் பொறி, தமிழைப் படமாகக் கருதி ஒரே வரியின் மீது பல முறை ஓடியே எழுதும். ணகரத்தின் சுழிகள் அப்போதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனினும் அதனிடம் ஒரு தனிச்சிறப்பு இருந்தது. தவணைப் பரீட்சைக் காலத்தில் ஆசிரியர் மைநாடாவைக் கழற்றி வைத்துவிட்டு, தாளுக்குப் பதிலாக மெழுகு பூசிய ஸ்ரென்சில் தாளைச் செருகுவார். ஊசிகள் மெழுகை நேரே குத்திக் கிழிக்கும். அந்த ஸ்ரென்சிலை அலுவலகத்தில் படியெடுக்கும் றோணியோ இயந்திரத்தில் போட்டால் வினாத்தாள்கள் வேண்டிய அளவு கிடைத்துவிடும். மையைத் தெளிக்கும் அச்சுப்பொறியாலோ ஒளியால் எழுதும் லேசர் அச்சுப்பொறியாலோ இது இயலாது. ஒரு சாதனம் எந்த வழியில் இயங்குகின்றது என்பதை அறிந்தவன், அதைச் செய்தவர் நினையாத வேலையையும் அதனிடம் வாங்கலாம் என்பதை நான் அங்கே கண்ணால் கண்டேன்.

ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் ஒரே நாளில் முடிந்தன. அவை ஒன்றுக்கொன்று நேர்மாறானவை என்பதே முக்கியம்: ஒன்றில் காற்றின் அதிர்வு மின்னாகின்றது, மற்றையதில் மின் காற்றின் அதிர்வாகின்றது. தொடுதிரையை அன்று நாம் கண்டதில்லை. இரண்டு நிரல்களிலும் எழுத வேண்டிய சாதனங்கள் உண்டு என்று ஆசிரியர் சொன்னபோது மனத்தில் தங்காத அந்த வாக்கியம், இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கின்றது.

நான் இன்று இலண்டனில் பழைய ஆவணங்களை வருடி எண்ணிம வடிவுக்கு மாற்றும் பணியில் இருக்கின்றேன். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் ஓர் ஏ4 தாளை வருடினால், 2,480 நிரல்களும் 3,508 நிரைகளுமாக ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். இத்தனை இருந்தும் வருடி ஓர் எழுத்தையேனும் வாசிப்பதில்லை. அதற்குக் கறை எது, புள்ளி எது என்ற வேறுபாடு தெரியாது. எழுத்துணரி மென்பொருள் பின்னர் அந்தப் புள்ளிகளுள் எழுத்தைத் தேட வேண்டும். எமது பழைய கல்லூரி மலர்களில் உள்ள பழைய வடிவ ணை, லை, றா போன்றவற்றில் அது இன்றும் தடுமாறுகின்றது. எது எதுவாக மாறுகின்றது, எது விடுபடுகின்றது என்ற கேள்விகளுடனேயே ஒவ்வொரு நாளும் வருடியின் மூடியைத் திறக்கின்றேன். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் தொகுத்துவரும் நூலகம் திட்டத்தின் பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம், வருடி என்ற எளிய உள்ளீட்டுச் சாதனம் எமது மக்களுக்கு எவ்வளவு பெரிய பணியைச் செய்திருக்கின்றது என்று நினைப்பேன். 1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏடுகளுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

எமது பழைய மாணவர் சங்கம் கல்லூரியின் புதிய கணினிக்கூடத்துக்கு நிதி சேர்க்கும் இவ்வேளையில், அந்தப் பணத்தை எதில் இடுவது என்பது பற்றி என் கருத்தை இந்த மலர்வழியே முன்வைக்க விரும்புகின்றேன். ஒரே மாதிரியான மடிகணினிகளை வரிசையாக வாங்கி அடுக்குவது போதாது. அவற்றில் சாவிப்பலகையும் திரையும் ஒலிவாங்கியும் ஒரே உடலுக்குள் ஒட்டி மூடப்பட்டிருப்பதால், எது உள்ளே போகின்றது, எது வெளியே வருகின்றது என்ற எல்லையே மாணவர் கண்ணில் படுவதில்லை. இரண்டு மடிகணினிகளைக் குறைத்தாயினும் நல்லதொரு தட்டை வருடியும், 2016இல் பிபிசி இங்குள்ள பாடசாலை மாணவர்களுக்கு இலவசமாக வழங்கிய மைக்ரோபிட் போன்ற சிறு பலகைகளும் வாங்கப்பட வேண்டும். இரண்டு பொத்தான்களும் இருபத்தைந்து சிறு விளக்குகளும் வெளியே தெரியும் அந்தப் பலகையில், வெப்பநிலையையும் சாய்வையும் உள்ளீடாகப் பெற்று விளக்கொளியாக வெளியிடுவதை மாணவர் தாமே எழுதிப் பார்க்கலாம்.

பார்வைப் புலன் குறைந்த மாணவருக்காகப் புள்ளிகள் எழுந்து தாழும் பிரெய்ல் வருவிளைவுக் கருவி ஒன்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டுகின்றேன். அதன் விலை அதிகம் என்பதை அறிவேன். திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என்.வி.டி.ஏ. மென்பொருளோ முற்றிலும் இலவசம். பார்வையற்ற அவுஸ்திரேலியர் ஒருவர் 2006இல் தொடங்கிய அது தமிழையும் வாசிக்கும். நிதி சேரும்வரை கல்லூரியின் எல்லாக் கணினிகளிலும் அதை நிறுவிவைக்கலாம்.

இவற்றுடன், அங்கத்தவர் வீடுகளின் பரண்களிலும் கராஜ்களிலும் கிடக்கும் உருண்டைச் சுட்டிகள், பழைய சாவிப்பலகைகள், புள்ளி அச்சுப்பொறிகள் ஆகியவற்றை எறிந்துவிடாமல் அடுத்த பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுவந்து தருமாறு கேட்டுக்கொள்கின்றேன். அவை இயங்க வேண்டும் என்பதில்லை. திருகாணிகள் கழன்றால் போதும். பொதிசெய்து அனுப்பும் செலவை எமது வகுப்பு நண்பர்கள் ஏற்றுக்கொள்ள இணங்கியுள்ளார்கள்.