மடவையின் வயிறு

மீன் அரிந்துகொண்டிருந்த அக்கா, மடவையின் வயிற்றிலிருந்து கெட்டியான சிறு உருண்டை ஒன்றை எடுத்து, “தொட்டுப் பாருங்க தம்பி, கோழிக்கு இருக்கிற மாதிரியே இருக்கும்” என்று என் உள்ளங்கையில் வைத்தார்.

இன்று காலை, முத்துப்பேட்டை மீன் கடையில்.

அது இரைப்பையின் பின்பகுதி. தடித்த தசைச் சுவர் கொண்டது. கீறியபோது உள்ளே கரிய சேறும் நுண்மணலும் இருந்தன.

மடவை மணலைத் தவறுதலாக விழுங்குகிறது என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். உண்மையில், கோழி விழுங்கும் சிறுகற்கள் செய்யும் வேலையைத்தான் அந்த மணலும் செய்கிறது: தசை இறுகித் தளரும்போது, டயட்டம் எனப்படும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகளையும் மட்கிய இலைத்துகள்களையும் அது அரைத்துக் கொடுக்கிறது.

கடித்துத் தின்னும் மீன் அல்ல இது. பற்கள் மிக நுண்ணியவை. அடிச்சேற்றின் மேல்படிவை உதடுகளால் வாரி, செவுளின் நெருக்கமான முட்களில் சலித்து, பருமணலைத் துப்பிவிடுகிறது. எளிதில் செரிக்காத இந்த உணவுக்கென்றே குடல் சுருள் சுருளாக, உடல் நீளத்தைப் போல் பல மடங்கு நீண்டிருக்கிறது. குஞ்சுகள் மட்டும் நீரில் மிதக்கும் நுண்விலங்குகளைத் தின்று வளர்கின்றன.

கோரையாறும் பாமணியாறும் கொண்டுவந்து சேர்க்கும் வண்டலும், அலையாத்தி மரங்கள் உதிர்க்கும் இலைகளும் காயலின் அடியில் மட்கிக் கிடக்க, அதை நாம் உண்ணத்தக்க மீனாக மாற்றித் தருவது இந்த உருண்டைதான் என்று எண்ணியபோது, அதைக் கீழே போட எனக்கு மனம் வரவில்லை.

அக்கா அதை வாங்கி, உட்தோலை உரித்துக் கழுவி, மீன் துண்டுகளோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.