முடிச்சு விழுந்த வேர்

மலேசியாவில், தாப்பாவில் எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனைதான். இந்தச் சூட்டில் மலைக்காட்டு மரம் வளர்க்க ஆசைப்பட்டேன். கேமரன் மலைச் சாலையில் ஒரு நர்சரி தவுக்கேயிடம் (முதலாளியிடம்) பிப்ரவரியில் மூன்று கன்று வாங்கினேன், 45 வெள்ளி. மரத்தின் பெயர் நாகேயா வாலிச்சியானா. ஊசியிலை இனம்தான், ஆனால் ஊசியே இருக்காது. இலை மூங்கில் இலை மாதிரி அகலம். நடுநரம்பு கிடையாது, நரம்பெல்லாம் நீளவாக்கில் ஓடும். தென்னிந்தியாவில் தானாக வளரும் ஒரே ஊசியிலை இன மரமும் இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் அரிதாக நிற்கும். தாத்தா ஊர்ப்பக்கத்து மரம் நம் மலையிலும் இருக்கிறதே என்றுதான் எனக்குப் பித்து.

முதல் கன்றைக் களிமண் தரையில் வைத்தேன். ஏப்ரல் மழையில் தண்ணீர் தேங்கிச் செத்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்கக் கேழ்வரகு மணி போலச் சின்னச் சின்ன உருண்டை. பக்கத்து வீட்டுப் பெரியப்பா தோட்டத்து நர்சரியில் வேலை பார்த்தவர். "கத்தரிக்கு வர்ற வேர்ப்புழுடா தம்பி, மத்ததையும் பாரு" என்றார். இரண்டாவதையும் பிடுங்கினேன், அதே உருண்டை. வேரைக் கழுவி, உருண்டைகளைக் கத்தரித்து, பழைய மண்ணைக் கொட்டிவிட்டுக் கடை மண்ணில் வைத்தேன். ஐந்து மாதம் ஒரு துளிர் இல்லை. மஞ்சளாகி அதுவும் போனது.

மூன்றாவதை நான் தொடவில்லை. அக்கறையினால் அல்ல, சோம்பல்.

அதுதான் துளிர்த்தது! அப்புறம்தான் தேடிப் படித்தேன். இந்தக் குடும்பத்து மரங்களுக்கு அந்த உருண்டைகள் பிறவியிலேயே உண்டு. உள்ளே பூஞ்சை குடியிருக்கும், மண்ணிலிருந்து பாஸ்பரஸ் எடுத்துக்கொடுக்கும். புழு பிடித்தால் வேரே கோணல்மாணலாக வீங்கும். இது வேரின் பக்கவாட்டில் வரிசை பிடித்து உட்கார்ந்திருக்கும். வரிசையைக் கவனித்திருந்தால் கத்தரிக்கோலை எடுத்திருக்க மாட்டேன். பெரியப்பாவிடம் சொன்னேன். "கத்தரிச் செடிக்குச் சொன்னேன்டா" என்று நழுவிவிட்டார்.

இப்போது அது பெரிய பாலிபேக்கில், வந்த மண்ணோடேயே இருக்கிறது. சுற்றிலும் மணலும் கருக்கிய உமியும், மேலே கறுப்பு வலை, காலை வெயில் மட்டும். பிப்ரவரியில் 31 செ.மீ., நவம்பரில் 38.

இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒற்றைக் கன்றை வைத்து விதை எடுக்க முடியாது. அதனால் நுனியில் மூன்று துண்டு வெட்டி, மணலில் குத்தி, மினரல் வாட்டர் போத்தலைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஒன்பது வாரம் ஆயிற்று. ஒன்று கறுத்துவிட்டது, இரண்டு பச்சையாக நிற்கிறது. வேர் விட்டதா என்று இழுத்துப் பார்க்கக் கை அரிக்கிறது. போத்தல் மேல் செங்கல்லை வைத்துவிட்டேன்.